குறைமாதம், கொப்பூழ், மஞ்சள், ஊசி: பச்சைப்பிள்ளை ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும், படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், கர்ப்பிணித் தாய்மாருக்கு நடக்கும் கூட்டங்களுக்குப் போய்ப் பேசுகிறவள் நான். டொக்டர் இல்லை, மிட்வைஃபும் இல்லை. பச்சைப்பிள்ளைகளைக் காப்பாற்றுவது பற்றி வரும் ஆய்வுகளைப் படித்து ஊர்ப் பேச்சில் சொல்கிறேன், அவ்வளவுதான். கொக்கட்டிச்சோலையில் கேட்ட கேள்வியையே அக்கரைப்பற்றிலும் கேட்கிறார்கள், பெரும்பாலும் அதே சொற்களில். அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். மருந்து, மருந்தின் அளவு எல்லாம் உங்கள் டொக்டர் சொல்ல வேண்டியது, நான் அதற்குள் போகவில்லை.

"ஆபிரிக்காவுல, நேபாளத்துல செஞ்ச ஆய்வெல்லாம் எங்கட புள்ளைக்கு எதுக்கு?"

1990 இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 50 இலட்சம் பிள்ளைகள் பிறந்து 28 நாளுக்குள் இறந்தார்கள். 2022 இல் அது 23 இலட்சம் அளவுக்கு இறங்கியிருக்கிறது. குறைமாதம், பிறக்கும்போது மூச்சு எடுக்காமல் போவது, கிருமித்தொற்று, பிறவிக் குறைபாடு, இந்த நாலும்தான் பெரும்பாலான இறப்புக்குக் காரணம். முதல் மூன்றுக்கும் விலை குறைந்த, யாரும் பழகக்கூடிய வழிகள் இருக்கின்றன என்பதைக் கண்டுபிடித்தது பெரும்பாலும் ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளும் கிராமங்களும்தான்.

இலங்கை கொஞ்சம் வித்தியாசமான இடம். காசு குறைந்த நாடுதான், ஆனால் இங்கே ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் பிள்ளைகள் 1,000 பிறப்புக்கு ஒற்றை இலக்கத்தில்தான். ஆகவே வெளியூர் ஆய்வு ஒவ்வொன்றையும் அப்படியே இங்கே இறக்க முடியாது, அதற்காகத் தள்ளிவிடவும் முடியாது. ஒரு முடிவைக் கேள்விப்பட்டால் நான் முதலில் பார்ப்பது, அதை எங்கே செய்தார்கள், அங்கே பிள்ளை வீட்டிலா ஆஸ்பத்திரியிலா பிறக்கிறது என்பதைத்தான். கீழே உள்ள பாதிக் கேள்விக்குப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

"ஏழு மாசத்துல பொறந்தாத் தப்பும், எட்டு மாசத்துல பொறந்தாத் தப்பாது எண்டு மாமி சொல்றா. உண்மையா மிஸ்?"

இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரல் முதிர்கிறது, எட்டு மாதப் பிள்ளைக்கு ஏழு மாதப் பிள்ளையை விட வாய்ப்பு எப்போதும் கூடத்தான். இந்த நம்பிக்கை மாமியின் கண்டுபிடிப்பும் இல்லை, பழைய கிரேக்க வைத்தியர்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள். மாமியோடு சண்டை பிடிக்க வேண்டாம். ஆனால் "இது எட்டு மாசம், இனி ஒண்டும் செய்யேலா" என்று கையை விட்டுவிடாதீர்கள்.

"மிசினுக்குள்ள வைக்காம நெஞ்சோட கட்டி வைக்கச் சொல்றாங்க. ஆஸ்பத்திரியில சாமான் இல்லாததாலயா?"

தொடங்கியது அப்படித்தான். 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் இன்கியுபேட்டர், அதாவது பிள்ளையைச் சூடாக வைக்கும் அந்த மிசின், போதாமல் ஒன்றுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளை வைக்க வேண்டிய நிலை, கிருமி ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பரவியது. அங்கே எட்கர் ரே என்ற டொக்டர், எடை குறைந்த பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு தோலில் தோல் படக் கட்டி வைக்கத் தொடங்கினார். கங்காரு முறை என்று பெயர் வந்தது. ஆனால் பல வருடங்களாக எல்லோரும் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்: முதலில் இன்கியுபேட்டரில் வைத்து, பிள்ளை நிலைப்பட்ட பிறகுதான் தாயிடம் கொடுப்பது. இறப்பில் பெரும்பகுதியோ அந்த நிலைப்படாத முதல் நாட்களில்தான் நடக்கிறது.

அந்த விதியை உலக சுகாதார ஸ்தாபனம் சோதித்துப் பார்த்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் ஐந்து பெரிய ஆஸ்பத்திரிகள், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகள். ஒரு பாதிக்குப் பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சு, மற்றப் பாதிக்குப் பழைய முறை. 28 நாளில் பழைய முறையில் 100க்கு 15.7 பேர் இறந்தார்கள், உடனே நெஞ்சில் வைத்ததில் 12 பேர். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், மற்றப் பிள்ளைகளைக் காக்க வைப்பது சரியில்லை என்று ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். 2021 இல் முடிவு வெளிவந்தது, 2022 இல் உலக சுகாதார ஸ்தாபனம் தன் பரிந்துரையையே மாற்றியது.

ஒன்றைக் கவனியுங்கள், இங்கே பலர் இதைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தாய்மார் பிள்ளையோடு சேர்த்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே இருந்தார்கள். ஒக்சிஜன், சேலைன், மருந்து எல்லாம் நெஞ்சில் வைத்தபடியே நடந்தது. மிசினுக்குப் பதிலாகத் தாய் என்று இதை எடுக்கக் கூடாது. கட்டிலும் கதிரையும் கழிவறையும் போட்டுத் தாயையும் அந்த அறைக்குள் எடுப்பதுதான் ஆஸ்பத்திரிகளுக்கு உண்மையான சவால். மிசின் வாங்க நன்கொடையாளர் கிடைப்பார், தாய்க்குக் கட்டில் போட ஆள் கிடைப்பது கஷ்டம்.

"நாள் முழுக்க வைக்கோணுமா? இந்த வெக்கையில ஆர் ஏலும்? அப்பா வைச்சா ஆகாதா?"

முடிந்தளவு கூட நேரம். பரிந்துரை ஒரு நாளில் 8 முதல் 24 மணித்தியாலம், மேலே சொன்ன ஆய்வில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் சராசரி நாளொன்றுக்கு 17 மணித்தியாலம் அளவில் வைத்திருந்தார்கள். அதில் சேர்ந்த நாடுகளும் குளிர் நாடுகள் இல்லை. மே மாதத்து மட்டக்களப்பில் உங்களுக்கு வியர்க்கும், பிள்ளைக்கு அது பிரச்சினை இல்லை. குறைமாதப் பிள்ளைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை, நமக்கு இதமான காற்றே அதற்குக் குளிர். உடம்பின் சூடு 36.5க்கும் 37.5 செல்சியசுக்கும் இடையில் நிற்க வேண்டும்.

அப்பா, அம்மம்மா, சித்தி யாரும் வைக்கலாம், தாய் சிசேரியன் என்றால் யாராவது வைக்கத்தான் வேண்டும். ஆண்கள் முதலில் வெட்கப்படுவார்கள், அப்புறம் இறக்கி வைக்க மனம் வராது. பிள்ளையின் தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கு வாய் வெளியே தெரிய வேண்டும் என்பதை மட்டும் வார்டில் உள்ள மிஸ்ஸிடம் நேரில் பார்த்துப் பழகுங்கள்.

"பால் இறங்குற வரைக்கும் சீனித்தண்ணி குடுத்தா என்ன? எங்கட உம்மா தேன் தொட்டு வைக்கணும் எண்டு நிக்கிறா."

முதலில் வரும் மஞ்சள் சீம்பால் தேக்கரண்டி அளவில்தான் வரும். பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான் பிடிக்கும். கானா, இந்தியா, தன்சானியா மூன்று நாட்டிலும் பிறந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்றில், முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் பால் குடித்தவர்களை விட, அன்றைக்கே ஆனால் பிந்திக் குடித்தவர்களுக்கு முதல் மாதத்தில் இறப்பு அபாயம் 41 வீதம் கூட இருந்தது. மறுநாளோ அதற்குப் பிறகோ குடித்தவர்களுக்கு இன்னும் கூட. சீனித்தண்ணி வயிற்றை நிரப்பிப் பிள்ளையைத் தூங்க வைத்துவிடும், பால் சுரக்கச் செய்கிற உறிஞ்சல் நடக்காது.

தேன் ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி வித்து பச்சைப்பிள்ளையின் குடலில் முளைத்து உடம்பைத் தளர வைக்கும் நஞ்சை உண்டாக்கும். சடங்கு முக்கியம் என்றால், எதை, எந்த அளவில், எப்படிச் செய்யலாம் என்று வார்டில் கேட்டுச் செய்யுங்கள். கேட்பதில் குறை ஒன்றும் இல்லை.

"கொப்பூழுக்கு ஒண்டும் போடாதீங்க எண்டு கிளினிக்ல சொல்றாங்க. நேபாளத்துல மருந்து போட்டுக் காப்பாத்தினாங்க எண்டு நீங்க சொன்னீங்களே?"

இரண்டும் சரி, இதைத்தான் முதல் பதிலில் சொன்னேன். நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பிறந்தார்கள், கொப்பூழில் எண்ணெயும் மஞ்சளும் பூசுவது வழக்கம். அங்கே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்து பூசியதில் இறப்பு 24 வீதம் குறைந்தது. 2006 இல் அந்த முடிவு வந்தது, பிறகு பாகிஸ்தானிலும் வங்காளதேசத்திலும் பலன் தெரிந்தது. சாம்பியாவிலும் தன்சானியாவின் பெம்பா தீவிலும் செய்து பார்த்தபோது இறப்பில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரியில் பெறுகிறீர்கள், கொடியைச் சுத்தமான கத்தியால் வெட்டுகிறார்கள். இங்கே காய்ந்தபடி விடுவதுதான் சரி. சாம்பல், வசம்பு, பவுடர், விபூதி எதுவும் வேண்டாம். குளோர்ஹெக்சிடினை வாங்கி வீட்டில் வைக்கவும் வேண்டாம், சில நாடுகளில் அதைக் கண்மருந்து என்று நினைத்துக் கண்ணில் விட்டுப் பார்வை போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

"குளிப்பாட்டி, சாம்பிராணி புடிச்சு, எண்ணெய் பூசலாமா?"

குளிப்பாட்டலை 24 மணித்தியாலமாவது தள்ளுங்கள். பிள்ளையின் சூடு இறங்குவதுதான் காரணம். சாம்பிராணிப் புகை நுரையீரலுக்கு ஆகாது, துணிக்குப் பிடித்தால் அந்த மணமே போதும். எண்ணெய்க்கு மட்டும் நான் கட்சி மாறுவேன்: வங்காளதேசத்தில் ஆஸ்பத்திரியில் இருந்த குறைமாதப் பிள்ளைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் மெதுவாகப் பூசியதில் கிருமித்தொற்று குறைந்தது, குறைமாதப் பிள்ளைக்கு எண்ணெய் பூசுவதை யோசிக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்கிறது. கடுகெண்ணெய் தோலைக் கெடுக்கும். மூக்கில், காதில் எண்ணெய் விடுவது எந்த ஆய்விலும் இல்லை, அதை நிறுத்துங்கள்.

"மஞ்சள் புடிச்சா காலமை வெயிலில காட்டினாச் சரிதானே?"

வெயிலுக்கும் மஞ்சள் காமாலைக்கும் தொடர்பு உண்டு. 1956 இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் வார்ட் என்ற தாதி, பிள்ளைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். வெயில் பட்ட தோல் வெளுத்து, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக நின்றதை டொக்டர்களுக்குக் காட்டியவர் அவர்தான். மஞ்சளுக்கு வைக்கும் நீல வெளிச்ச விளக்கு வந்தது அதிலிருந்து. நைஜீரியாவின் லாகோசில் மின்சாரம் நம்ப முடியாத நிலையில், புற ஊதாக் கதிரையும் சூட்டையும் தடுக்கும் விசேஷப் படலத்தால் கூடாரம் போட்டு, அதற்குள் வடிகட்டிய வெயிலில் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். விளக்குக்கு ஈடாக வேலை செய்தது என்று 2015 இல் எழுதினார்கள்.

ஆனால் அங்கே பக்கத்தில் ஆள் நின்று சூடு பார்த்தார்கள், இரத்தத்தில் மஞ்சளை அளந்தார்கள். முற்றத்தில் பத்து நிமிடம் காட்டிவிட்டு "குறைஞ்சிட்டு" என்று கண்ணால் முடிவெடுப்பது அது இல்லை. நமது தோல் நிறத்தில் கண்ணால் பார்த்துச் சொல்வது இன்னும் கஷ்டம். பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள், அல்லது உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் என்றால் வெயிலை நம்பி இருக்கவே வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிந்தினால் மூளையைத் தாக்கும், அதைத் திருப்ப முடியாது.

"பொறந்து அழாட்டித் தலைகீழாப் புடிச்சு அடிக்கிறவங்களாமே?"

அந்தக் காலம். இப்போது துடைத்து உலர்த்துவது, முதுகில் தடவித் தூண்டுவது, அதற்கும் மூச்சு வராவிட்டால் பையும் முகமூடியும் வைத்து முதல் ஒரு நிமிடத்துக்குள் காற்றுக் கொடுப்பது. பத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதோ ஓர் உதவி தேவைப்படும். தன்சானியாவில் எட்டு ஆஸ்பத்திரிகளில் மருத்துவிச்சிகளுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்த பிறகு முதல் 24 மணித்தியால இறப்பு ஏறக்குறைய பாதியானது. ஒக்சிஜன் சிலிண்டர்கூடத் தேவைப்படாத வேலை.

"வாகரை, வெல்லாவெளி மாதிரித் தூரத்து ஊர்கள்ல நுரையீரல் ஊசி போட்டு அனுப்பினா என்ன? அதையும் பெரியாஸ்பத்திரிக்கு வா எண்டுறாங்களே?"

கடினமான கேள்வி, ஒரு ஆசிரியை கேட்டது. குறைமாதத்தில் வலி வந்த தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்பதை 1972 இலேயே நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி இருவரும் காட்டிவிட்டார்கள். பணக்கார நாட்டில் உயிர் காத்த ஊசி, விலையும் மலிவு, ஆகவே கிராமம் கிராமமாகக் கொடுத்தால் எவ்வளவு பிள்ளை தப்பும் என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். ஆறு நாடுகளில் செய்த ஆய்வின் முடிவு 2015 இல் வந்தது. சிறிய பிள்ளைகளின் இறப்புக் குறையவில்லை. மொத்தப் பிள்ளைகளில் 1,000க்கு 3.5 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள், தாய்மாருக்குத் தொற்றும் கூடியது.

அங்கே கர்ப்பத்தின் வாரக் கணக்குச் சரியாகத் தெரியாது, ஊசி போட்டவர்களில் பலருக்குக் குறைமாதப் பிரசவமே நடக்கவில்லை, பிறந்த பிறகு பார்க்கவும் வசதி போதாது. பிறகு வங்காளதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆஸ்பத்திரிகளில், ஸ்கேன் எடுத்து வாரத்தை உறுதி செய்து, தொற்று இல்லை என்று பார்த்து, பிள்ளையைப் பராமரிக்கும் பிரிவு உள்ள இடத்தில் மட்டும் கொடுத்தார்கள். 2020 இல் வந்த முடிவில் இறப்பு 100க்கு 23.5 இலிருந்து 19.6 ஆகக் குறைந்திருந்தது. ஊசி அதேதான், சுற்றியிருந்ததுதான் வேறு. ஆகவே முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேனைத் தவற விடாதீர்கள், பின்னால் வாரக் கணக்கை நம்ப அதுதான் ஆதாரம். வலி முன்கூட்டியே வந்தால் ஊசியை எங்கே போடுவது என்பதை டொக்டர் முடிவு செய்யட்டும், உங்கள் வேலை பிந்தாமல் போவது.

"இந்தியாவுல கிராமத்துப் பொம்புளையள் வீடு வீடாப் போய் ஊசி போட்டுக் காப்பாத்தினாங்களாம். எங்கட ஊரில ஏன் அப்பிடிச் செய்யேலா?"

மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பாங், ராணி பாங் என்ற டொக்டர் தம்பதி செய்தது அது. 39 கிராமங்களில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் எடை பார்த்து, சூடு பார்த்து, தொற்று என்றால் அன்டிபயோட்டிக் ஊசி போட வைத்தார்கள். மூன்றாம் வருடத்தில் இறப்பு 62 வீதம் குறைவு, 1999 இல் வெளிவந்தது. இந்தியாவில் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு போய்ப் பிள்ளை பார்ப்பதற்கு வழி போட்டது இதுதான்.

நமக்கு அந்த வேலையின் பாதிக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்: மிட்வைஃப். பிரசவத்துக்குப் பிறகு முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கு வர வேண்டும் என்பது இங்குள்ள ஒழுங்கு. ஊசி போடும் பகுதி இங்கே தேவைப்படாதது, போகத் தூரத்தில் ஆஸ்பத்திரி இருப்பதால். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், வயலும் காடும் யானையும் நடுவில் இருக்கிற எல்லைக் கிராமங்களில் ஒரு மிட்வைஃபுக்கு இருக்கும் பரப்பைப் பார்த்தால், அந்த இரண்டு தடவையும் ஒழுங்காக நடப்பது அவர் மனத்தில் மட்டும் தங்கியிருக்கும் விஷயம் இல்லை. வராவிட்டால் குறை சொல்லிக்கொண்டு இருக்காமல் ஃபோன் எடுங்கள்.

"எப்ப ஓடணும் எண்டதை மட்டும் சொல்லுங்க."

பால் குடிக்க மறுக்கிறது. வலிப்பு. நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளே குழிகிறது. தூண்டினால்தான் அசைகிறது, அல்லது அசையவே இல்லை. காய்ச்சல், அல்லது உடம்பு குளிர்ந்து போகிறது. கொப்பூழைச் சுற்றிச் சிவப்பு, சீழ். அப்புறம் மேலே சொன்ன மஞ்சள். இதில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை பார்க்க வேண்டாம், 31ஆம் நாள் துடக்கு முடியட்டும் என்றும் பார்க்க வேண்டாம். 1990 என்ற ஃபோன் இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். போகும் வழியிலும் பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போங்கள், வண்டிக் காற்றில் துணியில் சுற்றிக் கையில் பிடித்தால் சூடு இறங்கும்.

"கலியாணம் முடிச்ச கையோட மிட்வைஃப் குளிசை தாறா. புள்ளையே இல்லை, எதுக்கு?"

போலிக் அமிலம். இலங்கையில் குழந்தை இறப்புக்கு முன்னணிக் காரணம் பிறவிக் குறைபாடுகள். முள்ளந்தண்டும் மூளையும் மூடுவது கருவுற்ற முதல் நாலு வாரத்துக்குள், அதாவது பலருக்கு வயிற்றில் தங்கியது தெரிவதற்கு முன்னாலேயே. ஏற்கெனவே அப்படி ஒரு பிள்ளை பிறந்த தாய்மாருக்குப் போலிக் அமிலம் கொடுத்ததில், மறுபடி வருவது 72 வீதம் குறைந்தது என்று 1991 இல் தெளிவாகிவிட்டது. குளிசையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வயிற்றில் தங்கியது தெரிந்த பிறகு போடத் தொடங்கினால் இந்தப் பயன் பெரும்பாலும் கிடைக்காது.

"ஒடிசாவுல நல்ல கிருமி குடுத்து நோய் வராமப் பண்ணினாங்க எண்டு யூடியூப்ல பாத்தன். ஃபார்மசியில வாங்கிக் குடுக்கட்டா?"

வேண்டாம். 2017 இல் வந்த அந்த ஆய்வு நல்ல ஆய்வு, 4,500க்கு மேல் பிள்ளைகள், தொற்றும் இறப்பும் சேர்த்து 100க்கு 9 இலிருந்து 5.4 ஆக இறங்கியது. கொடுத்தது ஒரு குறிப்பிட்ட வகைக் கிருமி, அதுவும் 2 கிலோவுக்குக் குறையாத, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகளுக்கு. ஃபார்மசியில் கிடைப்பது அதே வகை இல்லை. குறைமாதப் பிள்ளைக்கு இப்படியான பொருளால் இரத்தத்தில் தொற்று வரலாம் என்று 2023 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது.

"ஆய்வுக்குக் கையெழுத்துக் கேட்டா வைக்கலாமா? ஒரு பாதிப் புள்ளையளுக்கு மருந்து குடுக்காம விடுறது பாவம் இல்லையா?"

கேட்டவர் ஒரு தகப்பன், கோபமாகத்தான் கேட்டார். நுரையீரல் ஊசிக் கதையைத் திரும்பப் பாருங்கள்: எல்லோரும் நல்லது என்று நம்பிய ஒன்றைப் பெற்றவர்கள்தான் அங்கே கூடுதலாக இழந்தார்கள். எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாதபோது மட்டும்தான் இரண்டாகப் பிரிக்கலாம். தெரிந்த சிகிச்சையை ஒருவரிடமிருந்து மறைத்து ஆய்வு செய்யக் கூடாது. கங்காரு ஆய்வில் மற்றப் பாதிக்கும் அன்றைக்கு வழக்கத்தில் இருந்த முழுச் சிகிச்சை கிடைத்தது, வெளியே இருந்து கண்காணித்த குழு பலனைக் கண்டவுடன் நிறுத்தச் சொன்னது.

ஆனால் பிரசவ வலியில் இருப்பவளிடம் தாளை நீட்டுவது சம்மதம் வாங்குவது ஆகாது, இதில் நான் ஆய்வாளர்களின் பக்கம் நிற்க மாட்டேன். யாராவது கேட்டால் நீங்கள் கேட்க வேண்டியவை: நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, தமிழில் எழுதிய விளக்கத் தாள் எங்கே, சேராவிட்டால் என் பிள்ளைக்கு என்ன சிகிச்சை, ஏதும் நடந்தால் யாரைக் கூப்பிடுவது. வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கையெழுத்து வைத்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, அதற்காகப் பிள்ளைக்குக் கிடைக்கும் வழமையான சிகிச்சையில் ஒன்றும் குறையக் கூடாது.